நான் திருத்திய வாசகர் கருத்துகள்

எங்கள் கிளை நூலகத்தின் இரும்பு அலமாரியில் வாசகர் கருத்தேடுகள் பதினொன்று இருக்கின்றன. சிவப்பு அட்டை, கறுப்பு முதுகு, உள்ளே முழுவதும் என் கையெழுத்து. சமையல், சோதிடம், வேளாண்மை, புதினம், முதலுதவி எனப் பலவகை நூல்களைப் படித்த உறுப்பினர்கள் சொன்ன கருத்துகள் அவற்றில் நாள்வாரியாகப் பதியப்பட்டுள்ளன. இப்போது அங்கே நூலகராக இருக்கும் தேன்மொழி சென்ற ஆடி மாதம் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், இனிமே புத்தகத்தத் திருப்பிக் குடுக்கிறப்ப போன்லயே அஞ்சு ஸ்டார்ல எத்தனைன்னு தட்டிட்டுப் போயிரலாம். எழுதுற வேலையே இல்ல. ஆனா ஒங்க ஏடு மாதிரி வருமா? சனங்க பேசுன பேச்சு பூராவும் அதுலதான இருக்கு. நூலக மலருக்கு அதப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க சார்."

"ஏட்டப் படிச்சுப் பாத்தியாம்மா?"

"முழுசாப் படிக்கலங்க சார். எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு எல்லார்ட்டயும் காட்டுவேன்."

நான் பெருமையோடு ஒப்புக்கொண்டேன். முதற்பத்தியையும் அன்றே எழுதிவிட்டேன். ஆவணியில் மரகதம் என்னும் அம்மையார் தம் கணவரின் கருத்துகளைக் கேட்டு என்னிடம் வந்தார். பேச்சை இழந்துவிட்ட கணவருக்கு அவருடைய சொற்களையே படித்துக்காட்ட வேண்டும் என்பது அம்மையாரின் தேவை. அவர் வந்துபோன பின்னர் அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன். மலருக்கு உரிய கட்டுரையா இது என்பதைத் தேன்மொழிதான் முடிவு செய்ய வேண்டும்.

என் பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல மிகுதியாக ஒன்றுமில்லை. புலவர் பட்டம் பெற்றேன், நூலகச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தேன், முதற்பணிக்குக் கட்டுமாவடிக் கடற்கரைக்குச் சென்றேன். அங்கே ஒரு படகுக்காரர் கடற்பயணக் கதை ஒன்றை எடுத்துச் சென்று மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தார். நூல் எப்படி என்று கேட்டேன்.

"எழுதுனவரு கரையிலயே நின்னுட்டாரு சார். காத்து எங்கிட்டு இருந்து அடிச்சுச்சுன்னு ஒரு பக்கத்துலயும் காணோம். காத்து தெரியாம எவன் படக எறக்குவான்?"

முந்நூறு பக்க நூலுக்கு அப்படியொரு மதிப்புரையை நான் எந்த இதழிலும் படித்ததில்லை. அந்தப் பேச்சு காற்றோடு போய்விடக் கூடாது என்று எண்ணினேன். விராலிமலைப் பக்கம் நெடுஞ்சாலையோரக் கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்ததும் நான் தொடங்கிய முதல் வேலை கருத்துத் தாள்தான்.

செய்முறை எளியது. ஒருபக்கம் அச்சான வீண்தாள்களை அச்சகத்தில் கேட்டு வாங்கி, நான்காக மடித்து நறுக்குவேன். ஒவ்வொரு நூலின் பின்னட்டை உறையிலும் ஒரு தாள் இருக்கும். படித்தவர் தம் உறுப்பினர் எண்ணையிட்டுத் தோன்றியதை எழுதி நூலோடு திருப்பித் தருவார். நூலகத்துக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் நான் தனியே அமர்ந்து அவ்வாரத்துத் தாள்களை ஏட்டில் படியெடுப்பேன். முதல் ஏட்டின் முதற்சில பக்கங்களில் உள்ளவாறே படியெடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பக்கங்கள் இன்று இல்லை. அதற்கான காரணம் நூலக ஆய்வாளர் சபாபதியின் வருகையோடு சேர்ந்தது.

சபாபதி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திருச்சிப் பேருந்திலிருந்து இறங்கி வந்து, நான் துடைத்து வைத்த நாற்காலியில் அமராமல் வாசகர் விசிப்பலகையில் அமர்வார். கைக்குட்டையை நான்காக மடித்து மேசைமேல் விரித்து அதன்மேல் ஏட்டை வைப்பார். கரிக்கோலின் மழுங்கிய முனையால் தாள்களைத் திருப்புவார், விரல் படாது. குறை கண்ட இடத்தில் எதுவும் சொல்லாமல் கரிக்கோலை அவ்வரியின்மேல் கிடத்திவிட்டுச் சன்னல் வழியே சாலையைப் பார்ப்பார். என்ன குறை என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று கரிக்கோல் கிடந்தது ஒரு சோதிட நூலைப் பற்றிய கருத்தின்மேல். எழுதியவர் உறுப்பினர் எண் 412, பெயர் அடைக்கலம். 'இந்த சோசியரு எனக்கு வெளிநாட்டு யோகம்னு போட்டுருக்காரு. நான் தாண்டுனது திருச்சி வரைக்குந்தான், அதுவும் மச்சினனுக்கு ஆஸ்பத்திரிக்கு. ஒருவேளை மச்சினன் யோகத்த எனக்கு மாத்திப் போட்டாரோ என்னமோ.'

"இது கருத்தா, கதையா?" என்றார் சபாபதி.

"வாசகர் எழுதுனது சார்."

"வாசகர் எழுதட்டும். நீங்க புலவர்தான? ஏடுன்னா ஏடு மாதிரி இருக்க வேணாமா? டீக்கடை வாசல்ல நின்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு மேல உள்ளவுக கேட்டா நான் எதக் காட்டுறது?"

அவர் சொன்னது அவ்வளவே. ஏடுகளை அவர் எழுதவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குள்ளும் அந்த உறுத்தல் இருந்தது. கொச்சையை எழுத்தில் காணும்போதெல்லாம் வெள்ளை வேட்டியில் கறை கண்டதுபோல என் கை பதறும். எளிய மக்களின் கருத்தை நல்ல தமிழில் எழுதிவைப்பது அவர்களுக்குச் செய்யும் சிறப்பு என்று உண்மையாகவே நம்பினேன். அன்று மாலையே அப்பக்கங்களைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'சோதிடம் குறித்து அறிய விழைவோர்க்கு ஏற்ற நூல். கணிப்புகள் சில பொருந்தவில்லை.' அடுத்த ஆய்வில் சபாபதி கரிக்கோலைக் கிடத்தவேயில்லை. மாவட்டக் கூட்டத்துக்கு என் ஏட்டைக் கொண்டுசென்று மற்ற நூலகர்களுக்குக் காட்டினார். அப்பெருமை பணி ஓய்வு பெறும்வரை எனக்குப் போதுமானதாக இருந்தது.

கோழி வளர்ப்பு நூலைப் படித்த ஓர் உழவர், 'இதுல சொன்ன தீவனத்தப் போட்டா கோழி கொழுக்கும், நாந்தான் எளைப்பேன்' என்று எழுதியிருந்தார். 'கோழி வளர்ப்போர்க்குப் பயன்படும்' என்று பதிந்தேன். சமையல் நூல் ஒன்றுக்கு ஒரு பெண்மணி, 'கால் கிலோ முந்திரியாம்ல. எழுதுனவுக வீட்டுக்கு ஒருநா விருந்துக்குப் போகணும்' என்று எழுதினார். 'சுவையான உணவுவகைகள் இடம்பெற்றுள்ளன' என்பது ஏட்டில் உள்ளது. துப்பறியும் புதினம் ஒன்றை அடைக்கலம் சினத்தோடு திருப்பிக் கொடுத்தார். 'கொலகாரன் யாருன்னு முப்பதாம் பக்கத்துலயே எவனோ எழுதி வச்சுட்டான். அவன் மட்டும் கையில கெடச்சா கதையில இன்னொரு கொலை விழும்.' அதற்கு நான் இட்ட சொல் 'விறுவிறுப்பானது.'

இவை என் நினைவில் எஞ்சியவை. இவ்வளவுதான் எஞ்சியுள்ளன. இவற்றையும் என் நினைவு எந்த அளவுக்குத் திருத்தியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

படியெடுத்து முடிந்த தாள்களை நான் எரிக்கவில்லை. எரித்திருந்தால் இக்கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். அந்நாளில் கிழிந்த நூல்களை நூற்கட்டுக்கு அனுப்ப வழியில்லாததால் நானே கட்டினேன். மைதா மாவைப் பசையாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சிறிது கலந்து, தைத்த நூலின் முதுகில் தாளை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்த வேண்டும். அந்த ஒட்டுத்தாளுக்குக் கருத்துத் தாள்களைப் பயன்படுத்தினேன். தாளின் நடுப்பகுதியை முதுகின் அகலத்துக்கு மேலிருந்து கீழாக நறுக்கி எடுத்துக்கொண்டு, இரண்டு ஓரங்களையும் குப்பைக்கூடையில் போடுவேன். எழுத்துள்ள பக்கத்தில்தான் பசை தடவுவேன். வீண்தாளை வீணாக்காத நூலகர் என்று அதற்கும் சபாபதி என்னைப் பாராட்டினார்.

அடைக்கலத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையோரம் தகரக்கொட்டகையில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டிக்கொடுப்பவர். நான் உறுப்பினர் பதிவேட்டில் மின்னோடி செப்பனிடுநர் என்று எழுதியபோது, "அப்புடின்னா யாரு சார்? என்னயத் தேடி எவனாவது வந்தா வழி தெரியாமப் போயிரப் போறான்" என்றார். எந்த நூலையும் இது எனக்கு ஆகாது என்று தள்ளமாட்டார். அலமாரியில் இடக்கோடியில் தொடங்கி வரிசையாக எடுத்துச் சென்றார். மகப்பேறு நூலையும் எடுத்தார், சுருக்கெழுத்துப் பாடநூலையும் எடுத்தார். காதிடுக்கில் எப்போதும் ஒரு கரிக்கோல் இருக்கும். சுற்றுக்கணக்கைக் குறிக்கும் அதே கரிக்கோலால் தாளின் ஓரம்வரை நெருக்கி எழுதி, சில வேளை இன்னொரு தாளும் கேட்பார்.

ஒருமுறை கேட்டார். "நான் இம்புட்டு எழுதுறேனே, அதெல்லாம் எங்கிட்டு சார் போகுது?"

"ஏட்டுல ஏத்திடுறேன். அலமாரிக்குள்ள பத்திரமா இருக்கு."

"அப்ப சர்க்கார் பீரோவுக்குள்ள நான் பேசிக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க." உரக்கச் சிரித்தார். "மரகதத்துட்டச் சொல்லணும். நான் பேசுனா காது வலிக்குதுங்கிறா. சர்க்காருக்கு வலிக்கலையாம்னு சொல்லணும்."

ஏட்டைத் திறந்து காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன், மகிழ்ச்சியோடு காட்டியிருப்பேன் என்பதுதான் இன்று என்னை வதைக்கிறது.

ஆவணியில் வந்த மரகதம் வாசலிலேயே நின்றார். அடைக்கலத்துக்குத் தையில் பக்கவாதம் வந்ததாம். வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வது விளங்குகிறது, திருப்பிச் சொல்ல வரவில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், அவர் முன்பு பேசிய பேச்சையே அவர் காதில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்.

"போன்ல ஏதும் பதிஞ்சு வச்சிருக்கீகளான்னு கேட்டுச்சு அந்தப் புள்ள. அவுக வச்சிருந்தது பட்டன் போனுங்க. அதுல ஒன்னும் இல்ல. பெறகுதான் நெனவு வந்துச்சு, அவுக பேச்சு பூராவும் ஒங்க பீரோவுல இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. அத எழுதி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேங்க. பத்து வரி கெடச்சாலும் போதும்."

பத்து வரி என்ன, நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன என்று சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தேன்மொழியிடம் சொல்லி, 412 என்ற எண்ணுக்கு உரியவற்றை எல்லாம் நானே அழகாகப் படியெடுத்துக்கொண்டு மறுவாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

அடைக்கலம் கட்டிலில் தலையணையைச் சாய்த்து அமர்த்தப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. மரகதம் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"வேளாண்மை குறித்த செய்திகள் செவ்வனே தொகுக்கப்பட்டுள. நடை தெளிவானது."

அடைக்கலம் மனைவியின் வாயைப் பார்த்தார்.

"மகளிர் நலம் பேணும் சிறந்த நூல். படங்கள் தெளிவாக உள. விறுவிறுப்பானது. பயனுள்ளது. சிறுவர்க்கு ஏற்றது."

மரகதம் நிறுத்தினார். அடுத்த தாளைப் புரட்டினார். மீண்டும் முதல் தாளுக்கு வந்தார்.

"இது யாரு சார் பேசுறது? கலெக்டரா?"

மரகதம் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அவுக ஒருநாளும் 'செவ்வனே'ன்னு சொல்லி நான் கேட்டதில்லையே. வேற யாரு தாளாவது மாறிப்போச்சாங்க?"

"மாறலம்மா. நான் திருத்தி எழுதுனேன்."

"எதுக்குங்க?"

சினமின்றி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டார். எந்தக் காரணத்தைச் சொல்வது? நான் சொல்லத் தொடங்கிய ஒவ்வொன்றும் சபாபதியின் கைக்குட்டையில் போய் நின்றது. அதற்குள் அடைக்கலம் தம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கழுத்து மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இல்லை, இல்லை என்று அவர் மறுக்கிறார் என்பது எனக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று.

வெளியே வந்தபின்தான் முதுகுத்தாள்கள் நினைவுக்கு வந்தன. மறுநாளே நூலகம் சென்றேன். நான் கட்டிய நூல்களில் பெரும்பாலானவை கழிவு நீக்கப் பட்டியலில் போய்விட்டிருந்தன. பட்டியலின் அடியில் என் கையொப்பமே இருந்தது. எஞ்சியவை ஒன்பது. தேன்மொழி ஒரு தட்டில் வெந்நீரும் பஞ்சும் எடுத்து வந்தார். கறுப்புத் துணியைப் பிரித்து, பசையை நனைத்து, தாளை உரித்தெடுத்தோம். நான் கட்டிய முதுகுகளை நானே விரைந்து பிளந்தேன்.

முதல் ஆறு நூல்களிலும் துத்தத்தின் பச்சைநிறமும் மை கரைந்த நீலக்கறையும்தான் இருந்தன. எத்தனையோ பேர் பேனாவால் எழுதியவை. ஓரெழுத்தும் தேறவில்லை.

"சார், இது பென்சிலு" என்றார் தேன்மொழி, ஏழாவது நூலைக் கையில் வைத்துக்கொண்டு.

கரிக்கோல் எழுத்து பசைக்குக் கரைவதில்லை. இரண்டு விரல் அகலத் தாள். இருபுறமும் நான் நறுக்கியது போக வரிகளின் நடுப்பகுதி மட்டும் நின்றது.

'கதய மரகதத்துக்கு வாசிச்சு'

'சிரிச்சுக்கிட்டே ஒன்னு சொன்னா பாருங்க'

'அதுக்கு மேல எனக்குப் புத்தகம்'

எஞ்சிய இரண்டு நூல்களிலும் ஒன்றுமில்லை. இத்தாள் எந்த நூலுக்கு எழுதப்பட்டது என்று ஏட்டில் தேடினேன். 412 என்ற எண்ணின்கீழ் ஒரே ஓர் இடம்தான் பொருந்தியது. நகைச்சுவைக் கதைத் தொகுப்பு. அதற்கு எதிரே என் முத்துமுத்தான எழுத்தில், 'இல்லத்தாரோடு அமர்ந்து படிக்கத்தக்கது.'

தாளை உலர்த்தி இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து எடுத்துச் சென்றேன். மரகதம் அதைப் பார்த்ததுமே, "அவுக எழுத்துத்தான். 'சொன்னா'வுக்கு இப்புடித்தான் வால் இழுப்பாக" என்றார். கட்டிலருகே அமர்ந்து, அடைக்கலத்தின் காதருகே குனிந்து படித்தார். முதல் வரியில் அவர் தலை திரும்பியது. இரண்டாம் வரியில் இடக்கை எழுந்து மனைவியின் மணிக்கட்டைப் பற்றியது. கண்கள் பளிச்சென்று விரிந்தன. அவர் தொண்டையிலிருந்து ஒலி ஒன்று வந்தது. சிரிப்புத்தான் அது, பக்கவாதத்துக்கு முன் சாலைவரை கேட்கும் அந்தச் சிரிப்பின் தொடக்கம்.

"என்னங்க சொன்னேன்?" என்றார் மரகதம். "நான் என்னங்க சொன்னேன்? எனக்கு நெனவில்லையே."

அடைக்கலத்துக்கு நினைவிருந்தது. உதடுகள் அசைந்தன, நாக்கு புரண்டது, நெற்றி வியர்த்தது. சொல் வரவில்லை. மனைவியின் கையை உலுக்கினார். மூன்றாம் வரியையும் மரகதம் படித்து முடித்தார். தாள் அதோடு முடிந்தது. அடைக்கலம் அடுத்த வரிக்காக மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வராது என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி இடக்கையை நீட்டினார், மிச்சத்தைக் கொடு என்பதுபோல.

என் பையில் ஏட்டின் படி இருந்தது. 'இல்லத்தாரோடு அமர்ந்து படிக்கத்தக்கது' என்ற அந்த வரியை நான் வெளியே எடுக்கவில்லை.